தாதா படமும் அடியாள் படமும்

'அண்டர்ரேட்டட்' என்ற சொல்லை ஒரு ஐந்து வருஷத்துக்கு யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டால், முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். கேங்ஸ்டர் படங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பத்து நிமிஷத்துக்குள் யாராவது ஒருவர் 'மில்லர்ஸ் கிராஸிங்' அண்டர்ரேட்டட் என்பார். அடுத்தவர் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா' என்பார். தமிழுக்கு வந்தால் 'புதுப்பேட்டை', 'ஆரண்ய காண்டம்'. இரண்டு தேசிய விருது வாங்கி, பத்து வருஷத்துக்கும் மேலாக சினிமா பேசுகிற அத்தனை பேரும் கொண்டாடிக்கொண்டிருக்கும் படம் எப்படிங்க அண்டர்ரேட்டட் ஆகும்? அந்தச் சொல்லுக்கு இப்போது ஒரே அர்த்தம்தான்: "எனக்குப் பிடித்திருக்கிறது, என்னைப் போன்ற நுட்பமான ஆட்களுக்கு மட்டுமே பிடிக்கும்."

இதில் என் பிரச்சினை சொல் மட்டுமல்ல. நிஜமாகவே கண்டுகொள்ளப்படாத கேங்ஸ்டர் படங்கள் சில இருக்கின்றன. அவை ஏன் ரசிகர்களின் பட்டியலில் ஏறவில்லை என்று யோசித்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் படங்களில் நாற்காலி கிடையாது. யாரும் சிம்மாசனத்தில் உட்காருவதில்லை, யாரும் அதிலிருந்து விழுவதுமில்லை. கேங்ஸ்டர் படம் என்று நாம் சொல்வதெல்லாம் தாதா படத்தைத்தான். அடியாளின் படத்தை நாம் பார்ப்பதில்லை. பார்த்தாலும் "ஸ்லோவா இருக்கு மச்சி" என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1948-லேயே ராபர்ட் வார்ஷோ என்ற அமெரிக்க விமர்சகர் கேங்ஸ்டரைத் துன்பியல் நாயகன் என்று வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட்டார். ஒருவன் கூட்டத்திலிருந்து பிரிந்து மேலே ஏறுகிறான், ஏறியதற்கான தண்டனையாகவே விழுகிறான் என்பது அவர் வரைந்த கோடு. 1930-களின் 'லிட்டில் சீசர்', 'ஸ்கார்ஃபேஸ்' படங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. சிக்கல் என்னவென்றால், விமர்சகர் சொன்னதை ரசிகர்கள் இலக்கணமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏறவும் இல்லை, விழவும் இல்லை என்றால் அது கேங்ஸ்டர் படமே இல்லை. முதலிலிருந்தே தரையில் கிடப்பவனுக்கு ஏது வீழ்ச்சி?

'காட்ஃபாதர்' (1972) படத்தையே எடுத்துக்கொள்வோம். அதைக் குறை சொல்லப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம், எனக்கும் அது பிடித்த படம்தான். ஆனால் அதில் டெஸ்ஸியோ என்று ஒரு ஆள் வருகிறார். விட்டோ கோர்லியோனியின் பழைய தளபதிகளில் ஒருவர். கடைசியில் துரோகம் செய்து மாட்டிக்கொள்கிறார். இது வெறும் தொழில் விஷயம்தான், மைக்கேலை எனக்கு எப்போதும் பிடிக்கும் என்று சொல்லிப் பார்க்கிறார். பழைய பழக்கத்துக்காக என்னைக் காப்பாற்ற முடியுமா என்று டாம் ஹேகனைக் கேட்கிறார். முடியாது என்று பதில் வருகிறது. நாலு பேர் சூழ்ந்து காருக்குக் கூட்டிப் போகிறார்கள். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கலாம். கேமரா டெஸ்ஸியோவோடு காரில் ஏறுவதில்லை. ஹேகனோடு வீட்டில் நின்றுவிடுகிறது. பிறகு மைக்கேலிடம் போய்விடுகிறது.

கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேதான் ரசிகனும் நிற்கிறான். ஐம்பது வருஷமாக நாம் மைக்கேலின் அறையிலேயே நிற்கிறோம். கதவு மூடிக்கொண்டால் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. காரில் ஏறிய ஆள் என்ன ஆனார், வழியில் என்ன பேசினார், சிகரெட் கேட்டாரா? இந்தக் கேள்வியே நமக்கு வருவதில்லை.

டெஸ்ஸியோவோடு காரில் ஏறிய படம் அடுத்த வருஷமே வந்தது. 'தி ஃபிரெண்ட்ஸ் ஆஃப் எடி காயல்' (1973). 'புல்லிட்' எடுத்த பீட்டர் யேட்ஸ் இயக்கம். பாஸ்டனில் அரசு வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் வி. ஹிக்கின்ஸின் முதல் நாவலிலிருந்து எடுத்தது. இப்படிப்பட்ட ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது ஹிக்கின்ஸுக்குத் தொழில்ரீதியாகவே தெரியும். அதனால் படம் முழுக்கப் பேச்சு, பேச்சு, பேச்சுதான். காபிக் கடை, மதுக்கடை, பார்க்கிங் இடம், பூங்கா பெஞ்சு எனப் பாஸ்டனின் குளிர்கால வெளிச்சத்தில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எடி காயலாக ராபர்ட் மிட்சம். ஐம்பதைத் தொட்ட ஆள். மனைவி, மூன்று குழந்தைகள், சின்ன வீடு. வேலை என்ன? வங்கிக் கொள்ளைக்காரர்களுக்குத் துப்பாக்கி வாங்கித் தரும் தரகு. நியூ ஹாம்ப்ஷயரில் திருட்டு விஸ்கி ஏற்றிய லாரியை ஓட்டிப் பிடிபட்டு, தண்டனை அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான். ஜெயிலுக்குப் போனால் குடும்பம் அரசு உதவித் தொகையில் வாழ வேண்டும், பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவனுடைய கவலை அவ்வளவுதான். ஊரை ஆள வேண்டும் என்ற எண்ணம் எங்கேயும் இல்லை.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி. ஜாக்கி பிரவுன் என்ற இளம் துப்பாக்கி வியாபாரியிடம் எடி தன் கையைக் காட்டுகிறான். மற்றவர்களுக்கு இல்லாத இன்னொரு வரிசை முட்டி அந்த விரல்களில் இருக்கிறது. முன்பு ஒருமுறை அவன் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியைப் போலீஸ் தடம் பிடித்துவிட்டது, ஒருவன் உள்ளே போனான். அதற்காக எடியின் கையை மேசை இழுப்பறைக்குள் வைக்கச் சொல்லி, இழுப்பறையை உதைத்து மூடினார்கள். இதை அவன் கோபமாகச் சொல்வதில்லை. அவர்களுக்கும் வேறு வழியில்லை, நீ தப்பு செய்தால் உனக்கும் இதேதான் என்கிற தொனியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சீனியர் ஆபீஸ் விதிகளைச் சொல்லித் தருவது போலச் சொல்கிறான். ரத்தம் காட்டாமல், குரலை உயர்த்தாமல், ஒரு காபி மேசையில் நடக்கும் இந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் உள்ள பயங்கரம், ரம்பத்தோடு குளியலறைக்குள் போகிற 1983-ஆம் வருஷத்து 'ஸ்கார்ஃபேஸ்' காட்சியில் கிடையாது. அதைப் பார்த்தால் நமக்குச் சிலிர்க்கும். இதைப் பார்த்தால் நம் விரலை நாமே தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இனிமேல்தான் படத்தின் இயந்திரம். டேவ் ஃபோலி என்ற அரசு ஏஜென்ட், யாரையாவது காட்டிக் கொடுத்தால் நியூ ஹாம்ப்ஷயருக்கு நல்ல வார்த்தை சொல்கிறேன் என்கிறான். எடி ஜாக்கி பிரவுனைக் காட்டிக் கொடுக்கிறான். ஃபோலி, நல்லது, ஆனால் இது போதாது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறான். மனசு பிசைந்து, தன்னிடம் துப்பாக்கி வாங்கிய வங்கிக் கொள்ளைக் கும்பலையே காட்டிக் கொடுக்கலாம் என்று எடி முடிவெடுத்து வரும்போது, அவர்கள் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார்கள். வேறொருவன் முந்திக்கொண்டான். அந்த ஒருவன் டில்லன். எடி தினமும் போய்க் குடிக்கும் மதுக்கடையில் ஊற்றிக் கொடுப்பவன். கும்பலோ எடிதான் காட்டிக் கொடுத்தான் என்று நம்புகிறது. அவனைத் தீர்த்துக்கட்டும் வேலை யாரிடம் வருகிறது? அதே டில்லனிடம்தான். எடி செய்யத் தயாரான, ஆனால் செய்யாத துரோகத்துக்காக, அதைச் செய்தவன் கையாலேயே அவன் சாக வேண்டும். இதைச் சொல்லிக் காட்ட யாரும் குரல் உயர்த்துவதில்லை. டேவ் குருசினின் இசையும் தள்ளித்தான் நிற்கிறது. படத்தின் தலைப்பில் 'நண்பர்கள்' என்று இருப்பதை அப்போதுதான் கவனிப்பீர்கள்.

டில்லன் அவனை ஐஸ் ஹாக்கி மேட்சுக்குக் கூட்டிப் போகிறான். பீர் மேல் பீர் வாங்கிக் கொடுக்கிறான். பாபி ஓர் ஆடுவதைப் பார்த்து எடி குஷியாகி, இந்தப் பையனுக்கு எப்பேர்ப்பட்ட எதிர்காலம் இருக்கிறது என்று வியக்கிறான். எதிர்காலம் என்ற சொல்லை அவன் வாயில் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பிறகு காரில் தூங்கிப் போகிறான். தூங்குகிறவனைச் சுட்டு, காரோடு ஒரு பவுலிங் அரங்கின் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஸ்லோ மோஷன் கிடையாது, கடைசி வசனம் கிடையாது, மாடிப்படியில் உருளுதல் கிடையாது.

ஐ.டி. கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் படத்தில் எனக்கு விளங்காத இடம் ஒன்றுகூட இல்லை. "இன்னும் கொஞ்சம் பண்ணு, மேலே பேசுறேன்" என்கிற ஃபோலியை எல்லா அப்ரைசல் மீட்டிங்கிலும் பார்த்திருக்கிறேன். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே டீம் லஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி பரிமாறும் டில்லனையும் பார்த்திருக்கிறேன். என் நண்பர்களும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் சனிக்கிழமை ராத்திரி அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து மைக்கேல் கோர்லியோனியாக மாறிப் படம் பார்க்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட உட்காராத நாற்காலியில் சினிமாவில் மட்டும் உட்கார்ந்துகொள்கிறார்கள். சினிமா அதற்குத்தானே என்று கேட்கலாம். கனவு காணட்டும், தப்பில்லை. ஆனால் நம்மைப் பற்றி எடுத்த படம் ஒன்று கண் முன்னால் வந்து நிற்கும்போது "போர்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது ரசனைப் பிரச்சினை மட்டும்தானா?

அல் பசினோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடிகர், நாலு கேங்ஸ்டர்கள். 1972-இல் மைக்கேல். 1983-இல் டோனி மொன்டானா. 1993-இல் கார்லிட்டோ, ஜெயிலிலிருந்து வந்து, 75,000 டாலர் சேர்த்து, பஹாமாஸில் கார் வாடகைக்கு விடும் தொழிலில் பங்கு வாங்க ஆசைப்படுபவன். 1997-இல் 'டானி பிராஸ்கோ'வின் லெஃப்டி. எந்த இருவரின் முகம் டீ-ஷர்ட்டில் விற்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாதாவாக நடித்த இரண்டும் போஸ்டர் ஆனது. ஓய்வு பெற நினைத்தவனும், பதவி உயர்வே கிடைக்காதவனும் பட்டியலின் இருபதாவது இடத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் பசினோவின் ஆகச் சிறந்த கேங்ஸ்டர் லெஃப்டிதான். முப்பது வருஷ சர்வீஸ், 26 கொலை. கையில் காசு இல்லை. மகன் போதைக்கு அடிமை. எல்லோரும் சேர்ந்து தெருவிலிருந்து பார்க்கிங் மீட்டரைப் பெயர்த்துக்கொண்டு வந்து, சில்லறைக்காகச் சுத்தியலால் உடைக்கிறார்கள். இதுதான் நியூயார்க் மாஃபியா! மேலே இருப்பவனுக்குக் கப்பம் போயாக வேண்டும், அவன் அவனுக்கு மேலே இருப்பவனுக்குக் கட்ட வேண்டும். தலைமை மாறும்போது தன் முறை வந்துவிட்டது என்று லெஃப்டி நினைக்கிறான். பதவி சானி பிளாக்குக்குப் போகிறது. லெஃப்டிக்கு விலங்குகளைப் பற்றிய டி.வி. நிகழ்ச்சிகள் பிடிக்கும் என்பதால் ஒரு சிங்கம் பரிசாக வருகிறது. சிங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு ஹாம்பர்கர் வாங்கிப் போடுகிறார்கள். பதவி உயர்வுக்குப் பதிலாகக் கேடயமும் பொன்னாடையும் வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இயக்குநர் மைக் நியூவெல் ஒரு ஆங்கிலேயர், 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்' எடுத்தவர். இந்தக் கூட்டத்தின் மீது அவருக்கு ஊர்ப் பெருமை எதுவும் இல்லை என்பது நல்லதாகப் போயிற்று. லெஃப்டி தன் மகனைப் போல நம்பி உள்ளே சேர்த்த டானி, எஃப்.பி.ஐ. ஆள். விஷயம் வெளியே வந்ததும் லெஃப்டிக்கு அழைப்பு வருகிறது. மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி இழுப்பறையில் வைக்கிறான். மூடிவிட்டு, பிறகு கொஞ்சம் திறந்து வைக்கிறான். மனைவி கண்ணில் பட வேண்டுமே. போய் வருகிறேன் என்று அவளிடம் பேசும் குரலில் பசினோவின் வழக்கமான கர்ஜனை துளிகூட இல்லை. அதே பசினோ மாளிகைப் படிக்கட்டில் நின்று மெஷின் கன்னோடு கத்திய காட்சிதான் உலகம் முழுக்க ஹாஸ்டல் சுவர்களில் ஒட்டியிருக்கிறது.

அந்தச் சுவரொட்டி என்ன செய்யும் என்பதை மாட்டியோ கரோனேவின் 'கொமோரா' (2008) காட்டிவிட்டது. கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய படம், ஆகவே யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேங்ஸ்டர் பட ரசிகர்கள் அதைத் தங்கள் படமாக ஏற்றுக்கொள்ளவே இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்தில் இரண்டு பையன்கள், யாருமில்லாத பெரிய வில்லா ஒன்றில் டோனி மொன்டானா மாதிரி வசனம் பேசி விளையாடுகிறார்கள். வால்டர் ஸ்கியாவோனே என்ற நிஜ கமோரா ஆள் 'ஸ்கார்ஃபேஸ்' மாளிகையைப் பார்த்துக் கட்டிக்கொண்ட வில்லாதான் அது. தாதாவும் ரசிகன், பையன்களும் ரசிகர்கள். கடைசியில் உள்ளூர்க்காரர்கள் அந்தப் பையன்களை நைச்சியமாக வரவழைத்துச் சுட்டு, மண் அள்ளும் இயந்திரத்தின் வாயில் போட்டுக் கடற்கரையோரம் எடுத்துப் போகிறார்கள். அந்தப் படத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த பாத்திரம் டான் சிரோ. பெயரில்தான் டான். ஜெயிலில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் கொடுக்கும் வயசான கணக்குப்பிள்ளை. தொகை குறைந்துவிட்டது என்று எல்லா வீட்டிலும் அவரைத்தான் திட்டுகிறார்கள். ஒரு கிரிமினல் நிறுவனத்தில் சம்பளப் பட்டுவாடா எப்படி நடக்கும் என்று எனக்குக் காட்டிய முதல் படம் அது.

கூலிக்கொலைகாரனும் ஒரு தொழிலாளிதான் என்பதை இன்னும் முன்னாலேயே ஒருவர் எடுத்துவிட்டார். எலைன் மேயின் 'மைக்கி அண்ட் நிக்கி' (1976). முதலாளியின் பணத்தை எடுத்துவிட்டு ஓட்டல் அறையில் நடுங்கிக்கொண்டிருக்கும் நிக்கியாக ஜான் கசவெடிஸ். அவனுக்கு உதவ வரும் பால்ய சிநேகிதன் மைக்கியாகப் பீட்டர் ஃபாக். உதவ வந்தவனே ஆளைக் காட்டிக் கொடுக்கவும் வந்திருக்கிறான். பிலடெல்ஃபியாவில் ஓர் இரவு முழுக்க இருவரும் சுற்றுகிறார்கள், நிக்கியின் அம்மா கல்லறைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள். மைக்கியின் அப்பா கொடுத்த வாட்சை நிக்கி உடைத்துவிடுகிறான். இவர்களைத் தேடிக்கொண்டு நெட் பீட்டி ஒரு கூலிக்கொலைகாரனாகக் காரில் அலைகிறார். ஊர் தெரியாமல் வழி தவறுகிறார், பார்க்கிங் கிடைக்காமல் எரிச்சலாகிறார், இந்த வேலை கட்டுபடியாகவில்லை என்று புலம்புகிறார். அந்தப் பாத்திரத்தை ஓலா, ஊபர் ஓட்டுகிற யாரிடம் காட்டினாலும் உடனே புரியும்.

எலைன் மே இந்தப் படத்துக்கு 14 லட்சம் அடி ஃபிலிம் சுட்டதாகச் சொல்வார்கள். பாராமவுண்டோடு சண்டை, வழக்கு, ரீல்களை ஒளித்து வைத்தது என்று பெரிய கதை. அதன் பிறகு 1987 வரை அவரை யாரும் படம் இயக்க விடவில்லை. ஆண்களின் நட்பு, விசுவாசம் என்று கேங்ஸ்டர் படங்கள் கட்டி வைத்திருந்த கோயிலை ஒரு பெண் உள்ளே வந்து இடித்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசிக் காட்சியில் கதவைத் தட்டுபவன் யார், உள்ளிருந்து திறக்காதவன் யார் என்று நான் சொல்ல மாட்டேன், பாருங்கள். 'காட்ஃபாதர்' முடிவில் மூடும் கதவைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் நூறில் ஒன்றாவது இந்தக் கதவுக்கும் கிடைத்திருக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். 'நாயகன்' (1987) நேராகக் 'காட்ஃபாதர்' வழியில் வந்த படம், யாரும் மறுக்கவில்லை. அதோடு நாற்காலியும் இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தாதா படத்திலும் நம் அடியாட்களுக்கு என்ன வேலை? அண்ணன் நடந்து வரும்போது பின்னால் நடப்பது, இடைவேளைக்கு முன்னால் அண்ணனுக்காகச் செத்துப்போவது. அவன் செத்தால்தான் அண்ணனுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால்தான் இரண்டாம் பாதி நகரும். அவனுக்கு வாடகை பாக்கி இருந்ததா, பெண்டாட்டிக்கு என்ன சொல்லிவிட்டு வந்தான் என்று திரைக்கதையில் ஒரு வரி இருக்காது. 'ஆரண்ய காண்ட'த்தின் மேல் எனக்கு மரியாதை இருப்பதும் இதனால்தான். சேவலோடு பட்டணத்துக்கு வந்த காளையனையும் கொடுக்காப்புளியையும் அது தாதாக்களுக்குச் சமமான தூரத்தில் வைத்துப் பார்த்தது. அந்தப் படத்திலிருந்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்டதோ கெட்ட வார்த்தையையும் மஞ்சள் வெளிச்சத்தையும்தான்.

இதற்கெல்லாம் ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். ஸ்கோர்செஸி என்ன செய்தாராம், 'குட்ஃபெல்லாஸ்' அடியாள் படம்தானே என்பார்கள். ஹென்றி ஹில் அடியாள்தான், ஆனால் படத்தின் வேகமும் பாட்டும் அவனை ராஜாவாகவே உணர வைத்தன, நாமும் அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அது ஸ்கோர்செஸிக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2019-இல் 'தி ஐரிஷ்மேன்' எடுத்தார். அதன் கடைசிப் பகுதியில் கிழவர்கள் ஜெயிலில் உட்கார்ந்து ரொட்டியைத் திராட்சைச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள், கடிக்கப் பல் இல்லை. டி நீரோ தன் சவப்பெட்டியைத் தானே போய்த் தேர்ந்தெடுக்கிறார். மகள் பேச மறுக்கிறாள். ரசிகர்கள் சொன்னது என்ன? கடைசி ஒரு மணி நேரம் இழுவை, வெட்டியிருக்கலாம்!

'டானி பிராஸ்கோ'விலும் எனக்கு ஒரு குறை உண்டு. நிஜ லெஃப்டி ருகியேரோவை யாரும் கொல்லவில்லை. கொல்லப்பட்டது சானி பிளாக். லெஃப்டியை எஃப்.பி.ஐ. முந்திக்கொண்டு கைது செய்துவிட்டது. ஜெயிலில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, 1992-இல் வெளியே வந்து, 1994-இல் புற்றுநோயில் இறந்தார். அடியாளைப் பற்றி எடுத்த படத்துக்கும் அவனுக்கு ஒரு கம்பீரமான சாவு தேவைப்பட்டிருக்கிறது. வெளியே வந்து நோயோடு அவர் வாழ்ந்த அந்த இரண்டு வருஷம் எப்படிப் போயிருக்கும், யார் வந்து பார்த்தார்கள், டி.வி.யில் சிங்கத்தைக் காட்டினால் சானலை மாற்றினாரா? அதை யாராவது எடுத்தால் நான் முதல் காட்சிக்கே போவேன். தியேட்டரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் தெரியும்.